நாலடித் தொட்டியில் ஆஸ்கரை மூலைக்குத் தள்ளும் டெம்ப்ஸி ஜோடி: தொட்டி சின்னதா, மீன் பொல்லாததா?

மஞ்சக்குப்பம்_தையல்:

எல்லோருக்கும் வணக்கம். மீன் வளர்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதே இல்லை. வாங்கியவன் என் மகன். இரண்டு வருடம் முன்பு கொளத்தூர் போய் விரல் நீளக் குஞ்சுகளாக வாங்கி வந்தான். போன வருடம் சிதம்பரத்தில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான், தொட்டி என் தலையில் விழுந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு முன்னறையிலேயே துணி தைக்கிறேன். மெஷினுக்கு நேர் எதிரே தொட்டி. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் இதுகளைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் நடப்பதை ஓரளவு தெளிவாகவே சொல்ல முடியும்.

தொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். உள்ளே டைகர் ஆஸ்கர் ஒன்று, வெள்ளை ஆஸ்கர் ஒன்று, கிரீன் டெரர் ஒன்று, ஜாக் டெம்ப்ஸி இரண்டு, கண்ணாடியைச் சுத்தம் செய்யட்டும் என்று விட்ட சக்கர் மீன் ஒன்று. செவரம் என்று இன்னொன்று இருந்தது, போன வெள்ளிக்கிழமை செத்துப்போனது. இன்ச் டேப்பைக் கண்ணாடி மேல் வைத்து, கை நீளம் எடுப்பதுபோல ஒவ்வொன்றாக அளந்தேன். டைகர் 10 இன்ச், வெள்ளை 9, கிரீன் டெரர் ஆறரை, டெம்ப்ஸியில் பெரியது 7, சின்னது 5, சக்கர் 11. வாங்கும்போது கடையில் "தொட்டிக்கு ஏற்ற மாதிரிதான் வளரும்" என்றார்களாம். எந்தத் தொட்டியைச் சொன்னார்களோ.

கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஒரு வம்பும் இல்லை. சோறு போடும் நேரத்தில் கொஞ்சம் தள்ளுமுள்ளு, அவ்வளவுதான். மூன்று வாரம் முன்பு, ஒளிந்துகொள்ள இடம் இருக்கட்டும் என்று ஒரு சின்ன மண் சட்டியை இடது பக்கம் கவிழ்த்து வைத்தேன். அன்றிலிருந்து டெம்ப்ஸி இரண்டும் அங்கேயே குடியேறி, கல்லையெல்லாம் வாயால் அள்ளிக் குழி பறித்துவிட்டன. நிறம் கறுத்து, நீலப் புள்ளி மின்னுகிறது. இப்போது சட்டியின் மேல் மணி மணியாக முட்டை. பாதித் தொட்டி அவர்கள் பட்டா நிலம். தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய டைகரையே விரட்டுகின்றன. வெள்ளை ஆஸ்கர்தான் பாவம். வலது மூலையில் ஃபில்டர் குழாயை ஒட்டி, மேல் பக்கமாகவே நிற்கிறது. வால் கிழிந்து கந்தலாகிவிட்டது, ஒரு கண் வெளுத்திருக்கிறது. என் கையிலிருந்து நேராகத் தீனி வாங்கித் தின்ற மீன் இப்போது பக்கத்திலேயே வருவதில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் "கெடிலம் ஆற்றில் கொண்டுபோய் விட்டுவிடும்மா, புண்ணியம்" என்கிறார். மகன் "டெம்ப்ஸியை வித்துடு" என்கிறான். எனக்கு யாரை அனுப்பவும் மனசில்லை. என்ன செய்யலாம்?


வடலூர்_மலாவி:

அக்கா, பயப்பட ஒன்றுமில்லை. நான் ஐந்தடித் தொட்டியில் 28 மலாவி ஏரி சிக்லிட் (உங்கள் ஆஸ்கர், டெம்ப்ஸி எல்லாம் இதே குடும்பம்தான்) வைத்திருக்கிறேன். சண்டைக்கு மருந்து கூட்டம்தான். குறைவாக இருந்தால் ஒரே மீன் எல்லா அடியும் வாங்கும். நிறைய இருந்தால் அடி பங்கு பிரிந்துவிடும். இன்னும் ஆறு ஏழு மீன் வாங்கி விடுங்கள், யார் யாரை அடிப்பது என்று தெரியாமல் அதுகளே ஓய்ந்துவிடும்.


சுண்ணாம்பாற்றங்கரை:

மேலே தம்பி சொன்னதை இப்போதைக்குச் செய்ய வேண்டாம் அக்கா, ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் இன்று ராத்திரிக்கான வேலை.

தொட்டியைக் குறுக்கே தடுத்துவிடுங்கள். ஃபால்ஸ் சீலிங் விளக்குக்குப் போடும் கட்டம் கட்டமான வெள்ளை பிளாஸ்டிக் கிரில் கிடைக்கும். மின்சாமான் கடையிலோ சீலிங் வேலை செய்பவர்களிடமோ கேளுங்கள். ஒன்றரைக்கு ஒன்றரை அடி, உங்கள் கைக்கு அளவு சொல்லித் தர வேண்டியதில்லை. சட்டியிலிருந்து ஒன்றேகால் அடி தள்ளி இறக்குங்கள். டெம்ப்ஸிக்கு அது போதும், மீதி மற்றவர்களுக்கு. ஆஸ்கர் மூக்கால் முட்டித் தள்ளும். அதனால் அடியில் கல் அணைத்து, மேலே இரண்டு பக்கமும் உறிஞ்சு ரப்பர் போட்டு, கேபிள் டையால் கட்டுங்கள். சட்டியை எடுக்காதீர்கள். எடுத்தால் கோபம் தணியாது, வேறு கல்லைத் தேடிப் போகும். ஃபில்டர் வெள்ளை மீன் பக்கமே இருக்கட்டும், கட்டத்தின் வழியாகத் தண்ணீர் போய் வரும்.

வெள்ளையின் வால் வளர்ந்துவிடும், கவலை வேண்டாம். கண் வெளுப்பு பெரும்பாலும் அடிபட்டதால், இல்லையென்றால் தண்ணீர் கெட்டதால். இரண்டுக்கும் முதல் மருந்து தண்ணீர் மாற்றுவதுதான். பத்து நாளைக்குத் தினமும் ஐந்தில் ஒரு பங்கு மாற்றுங்கள். கல் உப்பு லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில், தனியாகக் கரைத்து, ஒரே நாளில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். அதன் பிறகு தினமும் எடுத்த தண்ணீருக்கு ஈடான உப்பு மட்டும். அயோடின் சேர்த்த தூள் உப்பு வேண்டாம். தெருவில் பாதாம் மரம் இருந்தால் தானாக உதிர்ந்து காய்ந்த இலை இரண்டைக் கழுவிப் போடலாம். தண்ணீர் டீ நிறமாகும், தப்பில்லை.

இனி உங்கள் கேள்வி. டெம்ப்ஸி பொல்லாத மீன் இல்லை. 1919 முதல் 1926 வரை ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியனாக இருந்தவர் பெயரைச் சும்மா வைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் இங்கே அது செய்வது ரவுடித்தனம் இல்லை, காவல்.

ஜிலேபிக் கெண்டை பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே சிக்லிட் குடும்பம்தான், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, 1952ல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வெயில் காலத்தில் ஏரிக்கரை ஓரம் தண்ணீர் தெளிவாக இருக்கும்போது நின்று பாருங்கள். தட்டு மாதிரி வட்டக் குழி, நடுவில் ஒரு கறுத்த ஆண். இன்னொரு மீன் கிட்டே வந்தால் இரண்டு மூன்றடி விரட்டும், அப்புறம் குழிக்குத் திரும்பிவிடும். வந்தவனும் போய்விடுவான். கணக்கு முடிந்தது. சண்டையில் தோற்றவனுக்கு ஓட இடம் இருக்கும்வரை சிக்லிட் சண்டை பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

உங்கள் வெள்ளை ஆஸ்கரும் ஓடிப் பார்த்தது. எவ்வளவு தூரம் ஓடும்? நான்கடி முடிந்ததும் கண்ணாடி. டெம்ப்ஸி பார்வையில் அது இன்னும் எல்லையை விட்டுப் போகவில்லை. போகவில்லை என்றால் மறுபடி அடி. தோற்றுவிட்டேன் என்று அந்த மீன் வாலைச் சுருக்கி, நிறம் வெளுத்துச் சொல்வதெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. விரட்டுபவனுக்கு வேண்டியது பணிவு இல்லை, காலி இடம். அதைத் தர அந்த மீனால் முடியவில்லை.

வாயோடு வாய் கவ்விக்கொண்டு இரண்டு மீன் தள்ளிக்கொள்ளும், செவுளை விரிக்கும், வாலால் தண்ணீரை அடிக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் அலறுவார்கள். அது சமபலம் உள்ளவர்கள் அளவு பார்த்துக்கொள்வது, பாதி நாடகம். நான் பயப்படுவது சத்தமில்லாத காட்சிக்கு. ஒரு மீன் மேல் மூலையில் அசையாமல் நிற்கிறது, தீனிக்கு இறங்கவில்லை, இன்னொன்று மணிக்கு நாலு தடவை வந்து ஒரு இடி இடித்துவிட்டுப் போகிறது. நீங்கள் எழுதியிருப்பது அதுதான்.

தொட்டிக்கு வருவோம். உங்களுடையது கண்ணாடிக் கணக்கில் 255 லிட்டர். கல் போட்டு, மேலே இரண்டு இன்ச் விட்டால் 220 கூட இருக்காது. ஆஸ்கர் ஒரு அடி வளரும் மீன். ஒரே ஒரு ஆஸ்கருக்கே 280 லிட்டர் வேண்டும் என்பார்கள். நான் லிட்டரைவிட அகலத்தைத்தான் பார்ப்பேன். ஒன்றரை அடி அகலத்தில் ஒரு அடி மீன் திரும்பும், ஆனால் உரசாமல் திரும்பாது. எதிரே ஒருவன் வந்தால் விலகிப் போக வழியே இல்லை. ஒற்றையடிப் பாதையில் இரண்டு மாட்டு வண்டி மாதிரி. இரண்டடி அகலம் கொடுத்தால் அதே மீன்கள் ஒன்றை ஒன்று சுற்றிப் போகக் கற்றுக்கொள்ளும். உயரம் நம் கண்ணுக்கு அழகு, தரையை ஒட்டி எல்லை வகுக்கும் மீனுக்கு அதனால் பெரிய லாபமில்லை. கடையில் மூன்றடி உயரத் தொட்டியைக் காட்டி 'நிறைய லிட்டர் சார்' என்றால் வாங்கிவிடாதீர்கள்.

'மீன் நீளம் ஒரு இன்ச்சுக்கு ஒரு காலன் தண்ணீர்' என்றும் ஒரு கணக்கு உலவுகிறது. நியான் டெட்ரா மாதிரிச் சின்ன மீன் வளர்ப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். 10 இன்ச் மீன் என்பது பத்து ஒரு இன்ச் மீன் இல்லை. நீளம் பத்து மடங்கானால் எடை ஏறக்குறைய ஆயிரம் மடங்கு, கழிவும் அதற்கேற்ப. தொட்டிக்கு ஏற்ற மாதிரி வளரும் என்று சொன்னார்களே, அதுவும் இப்படித்தான். சின்னத் தொட்டியில் வளர்ச்சி தடைபடுவது உண்டு. அது கெட்ட தண்ணீர் செய்யும் வேலை, மீனின் பெருந்தன்மை இல்லை.

பெரிய தொட்டி வாங்கினால் எல்லாம் சரியாகும் என்றும் சொல்லமாட்டேன். அரியாங்குப்பத்தில் நான் முதலில் வைத்திருந்ததும் இதே நாலடிதான். ரெட் டெவில் ஒன்று, ஜாகுவார் ஒன்று, இரண்டும் நிகராகுவா ஏரி மீன்கள். ஒன்றரை வருடம் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. ஒரு நாள் விடிகாலை எழுந்து பார்த்தால் ஜாகுவார் பக்கவாட்டில் மிதக்கிறது, செதில் தரையெல்லாம். ரெட் டெவிலை ஆறடித் தொட்டி வைத்திருந்த நண்பனிடம் கொடுத்தேன். எட்டு மாதம் சாதுவாக இருந்தது. அப்புறம் அங்கேயும் ஒன்றைக் கொன்றது. சில மீன்கள் தனியாக வாழத்தான் பிறந்திருக்கின்றன. உங்கள் டெம்ப்ஸி அந்த ரகம் இல்லை. அதற்குக் குடும்பம் இருக்கிறது, வீடுதான் இல்லை.

வடலூர் தம்பிக்கு: உங்கள் முறை உங்கள் மீனுக்குச் சரி, குறை சொல்லவில்லை. உங்களிடம் இருக்கும் மலாவி ரகம், ம்பூனா என்பார்கள், நாலைந்து இன்ச் மீன், பாறை இடுக்கில் கூட்டமாக வாழ்வது. 28 வைத்தாலும் நல்ல ஃபில்டர் தாங்கும். இங்கே ஆறு ஏழு பெரிய சிக்லிட் கூடுதலாகப் போட்டால் அடி பங்கு பிரிவதற்குள் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷம் எல்லோருக்கும் சமமாகப் பங்கு போட்டுவிடும்.

மற்றபடி, முன்னறை டியூப்லைட் ராத்திரி எத்தனை மணி வரை எரிகிறது? கத்திரி வெயிலில் தண்ணீர் எவ்வளவு சூடு இருக்கிறது? எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? பதில் போடுங்கள்.

கெடிலம் வேண்டவே வேண்டாம். சக்கர் மீனை இப்படிப் புண்ணியமாக விட்டுவிட்டுத்தான் தமிழ்நாட்டு ஏரிகளில் வலை போடுகிறவர்கள் அந்த முள் துடுப்போடு மல்லாடுகிறார்கள்.


மஞ்சக்குப்பம்_தையல்:

தம்பி, ரொம்ப நன்றி. நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். ஒற்றையடிப் பாதை என்றதும் புரிந்துவிட்டது.

கிரில் திருப்பாதிரிப்புலியூரில் கிடைத்தது. முதல் தடவை சரியாக அளந்து வெட்டினேன், தையல்காரி புத்தி. டைகர் ஒரே முட்டில் சாய்த்துவிட்டது. இரண்டாவது தடவை அரை இன்ச் கூடுதலாக விட்டு, சாய்வாக இறுக்கி நிறுத்தினேன், நிற்கிறது. மூன்று நாளாக வெள்ளை கொஞ்சம் கீழே இறங்கி வருகிறது. நேற்று ஒரு இறால் துண்டு தின்றது.

கேட்டதற்குப் பதில். பண்டிகை, கல்யாண சீசன் என்றால் பன்னிரண்டு மணி வரைகூட விளக்கு எரியும். வெப்பமானி 31 காட்டுகிறது. போர் தண்ணீர்தான், பாத்திரத்தில் வைத்தால் வெள்ளையாகப் படியும். தீனி ஒரு வேளை பெல்லட், ஒரு வேளை துறைமுகத்திலிருந்து வரும் சென்னாக்குனி (பொடி இறால்). மகன் இருந்தபோது மாதம் ஒரு முறை பாதித் தண்ணீர் மாற்றுவான். நானும் அப்படியே.

இன்னொன்று. பெரிய தொட்டி என்றால் ஆறடி என்கிறார்கள் எல்லோரும். எனக்கு வெட்டு மேசைக்கும் கதவுக்கும் நடுவில் சுவர் 66 இன்ச்தான். மேசையை நகர்த்த முடியாது, அதுதான் சோறு போடுகிறது.


சுண்ணாம்பாற்றங்கரை:

66 இன்ச் தாராளம் அக்கா. ஐந்துக்கு இரண்டுக்கு இரண்டு போடுங்கள், 560 லிட்டர் சொச்சம். இரண்டு ஆஸ்கருக்கு நிம்மதியான வீடு. இப்போதைய நாலடி டெம்ப்ஸி ஜோடிக்கே இருக்கட்டும், இரண்டே பேர் என்றால் அது அவர்களுக்கு அரண்மனை. ஆக யாரையும் விற்க வேண்டாம். கிரீன் டெரருக்கு மட்டும் இடமில்லை. இன்னும் ஓரிரு இன்ச் வளரும், ஆண் என்றால் அதுவும் அடுத்த வருடம் பட்டா கேட்கும். என்னிடம் மூன்றடித் தொட்டி ஒன்று காலி. மூடி போட்ட பக்கெட்டில் பேட்டரி ஏர் பம்ப்போடு எடுத்து வந்தால் கடலூரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரம், தாங்கும். சக்கரும் வரட்டும். ராத்திரியில் அது ஆஸ்கர் உடம்பில் ஒட்டிக்கொண்டு வழவழப்பை உறிஞ்சும் பழக்கம் பிடித்தால் விடாது. கண்ணாடியை நீங்களே துடைத்துவிடலாம்.

31 டிகிரி சாகடிக்காது. ஆனால் சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீனுக்கு வேகம் கூடும், முட்டையிடும் ஆசையும் கூடும். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, மேல்மட்டத்தில் படும்படி ஒரு சின்ன மின்விசிறி வையுங்கள், இரண்டு டிகிரி இறங்கும். ஐஸ் கட்டி போடாதீர்கள். நள்ளிரவு வரை வெளிச்சம் இருந்தால் காவல்காரனுக்கும் தூக்கமில்லை, அடி வாங்குபவனுக்கும் ஓய்வில்லை. நீங்கள் தைத்துக்கொண்டே இருங்கள், தொட்டி மேல் ஒன்பது மணிக்கு ஒரு போர்வையைப் போட்டுவிடுங்கள், காற்றுக்கு மேல்பக்கம் திறந்திருக்கட்டும்.

போர் தண்ணீரின் சுண்ணாம்பு டெம்ப்ஸிக்குப் பிடிக்கும், ஆஸ்கர் பழகிக்கொள்ளும். மாதம் ஒரு முறைதான் தப்பு. வாரம் ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு. சண்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், அழுக்குத் தண்ணீரில் காயம் ஆறாது. காயம் உள்ளவனைத்தான் எல்லோரும் அடிப்பார்கள். சென்னாக்குனி நல்ல தீனிதான், உப்புப் போடாமல் காயவைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். பெல்லட் முக்கால், அது கால் என்று இருக்கட்டும்.

புதுத் தொட்டி வந்த அன்றே மீனை மாற்றிவிடாதீர்கள். கழிவைச் செரிக்கும் பாக்டீரியா தானாக வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. புது ஃபில்டரை இப்போதே வாங்கி, இந்தப் பழைய தொட்டியிலேயே இரண்டாவது ஃபில்டராக ஒரு மாதம் ஓட விடுங்கள். அப்புறம் அதையே தூக்கிப் புதுத் தொட்டியில் வையுங்கள். அதன் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் மட்டும் அலசிவிடாதீர்கள். குளோரின் இருந்தால் உழைப்பெல்லாம் போச்சு.

பேட்டரி ஏர் பம்ப் என்றேன், அதை இரண்டாக வாங்கிவிடுங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரிய வேண்டும். 2011 டிசம்பர் 30 தானே புயல். எங்கள் தெருவில் மின்சாரம் வர பதினோரு நாள் ஆனது. அப்போது என் தொட்டியில் ஒன்பது மீன். ராத்திரி முழுக்க நானும் தங்கையும் முறை வைத்துக்கொண்டு சொம்பால் தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றினோம். நாலுதான் மிஞ்சியது. 2024ல் ஃபெஞ்சல் வந்தபோது அதைவிடப் பெரிய தொட்டியில் இரண்டே ஆஸ்கர். மின்சாரம் போய் வரும்வரை ஒரு பேட்டரி பம்ப் போதுமாக இருந்தது. காலி இடம் என்று நான் அடித்துக்கொள்வது சண்டைக்கு மட்டும் இல்லை.


ரெட்டியார்பாளையம்_கண்ணாடி:

நான் தொட்டி ஒட்டுகிறவன், மீன் விவகாரம் அண்ணன் சொல்லிவிட்டார். 5×2×2க்கு 12 மி.மீ. கண்ணாடி கேளுங்கள், மேலே குறுக்குப் பட்டையோடு. 10 போதும் என்று சொல்லிச் செலவு குறைப்பார்கள், குறைக்க வேண்டிய இடம் அது இல்லை. வெறும் கண்ணாடியே நூறு கிலோவைத் தாண்டும், தண்ணீர், கல் எல்லாம் சேர்த்து 700 கிலோ. தரைத்தளம்தானே? மாடி என்றால் என்ஜினீயரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. இரும்பு ஸ்டாண்டின் நாலு காலையும் ரசமட்டம் வைத்துச் சரி செய்து, மேலே பிளைவுட், அதன் மேல் தெர்மாகோல், அதன் மேல் தொட்டி. கடல் காற்றுக்கு இரும்பு துருப்பிடிக்கும், பெயின்ட் இரண்டு கோட்.

அப்புறம், சுவரை அளந்தீர்கள். வாசல் வழியாக உள்ளே வருமா என்று அளந்தீர்களா? தெருவில் தொட்டியை வைத்துக்கொண்டு நின்றவர்கள் உண்டு.


மஞ்சக்குப்பம்_தையல்:

தரைத்தளம்தான் தம்பி. வாசல் நிலை 33 இன்ச், உள் திருப்பம் ஒன்று இருக்கிறது, அட்டைப் பெட்டியை ஒட்டி ஐந்தடிக்கு ஒரு மாதிரி செய்து திருப்பிப் பார்த்துவிட்டேன். வரும். பள்ளிச் சீருடை தைக்கும் மாதம் இது, பணம் கைக்கு வந்ததும் ஆர்டர் கொடுக்கிறேன்.


மஞ்சக்குப்பம்_தையல் (ஏழு வாரம் கழித்து):

தொட்டி வந்துவிட்டது. மகன் லீவில் வந்து நின்றான், நானும் அவனும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தூக்கினோம். பழைய தொட்டியில் ஓடிய ஃபில்டரை அப்படியே மாற்றினேன். ஆஸ்கர் இரண்டையும் விட்டோம்.

விட்ட அரை மணியில் இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்து தரையில் படுத்துவிட்டன. நான் அழுதேவிட்டேன். மகன் போனில் தேடிப் பார்த்து "ஆஸ்கர் இடம் மாற்றினால் இப்படிக் கோபித்துக்கொண்டு படுக்குமாம்மா" என்றான். மறுநாள் மத்தியானம் வரை அப்படியே கிடந்து, அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து தீனி கேட்டன. என் மாமியாரைப் பார்த்த மாதிரி இருந்தது.

வெள்ளையின் வால் முக்கால் வளர்ந்துவிட்டது, ஓரம் மட்டும் நெளிநெளியாக இருக்கிறது. கண் தெளிந்துவிட்டது. கிரீன் டெரரும் சக்கரும் அரியாங்குப்பத்தில் நலம் என்று தம்பி படம் அனுப்பினார்.

ஆனால் புது வம்பு. டெம்ப்ஸி இரண்டும் நாலடித் தொட்டியில் தனியாக இருக்கின்றனவே, தடுப்பை எடுத்துவிட்டேன். முதல் முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் பாதி காணாமல் போய், மீதியைத் தனியாகப் பிரித்துவிட்டோம். இப்போது பெரியது சின்னதை விரட்டுகிறது. அரண்மனை என்றீர்களே?


சுண்ணாம்பாற்றங்கரை:

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். வெளி எதிரி இருந்தவரை இரண்டும் ஒன்றாக நின்று காவல் காத்தன. எதிரி போய்விட்டான், குஞ்சும் போய்விட்டது. ஆணுக்கு வேகம் குறையவில்லை, அடிக்க ஆள் இல்லை, பெண்டாட்டிதான் மிச்சம். அது மறுபடி முட்டையிடத் தயாராக இல்லையென்றால் இன்னும் மோசம்.

இரண்டு வழி. கண்ணாடி ஓரமாகவே ஆஸ்கர் தொட்டி தெரிகிற மாதிரி இருந்தால் அப்படியே விடுங்கள், கண்ணாடிக்கு அப்பால் தெரிகிற எதிரியைப் பார்த்து முறைத்துக்கொண்டே சில ஜோடிகள் சமாதானமாக இருக்கும். அதற்கும் மசியவில்லையென்றால் தடுப்பைத் திரும்பப் போட்டு ஒரு வாரம் பிரித்து வையுங்கள். ஒரு மூலையில் பெண் மட்டும் நுழைகிற அளவுக்குச் சின்னப் பொந்து வெட்டலாம், ஐந்து இன்ச் மீன் போகும், ஏழு இன்ச் மீன் போகாது. இரண்டையும் அளந்தது நீங்கள்தான். அந்தக் கிரில்லைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே?


மஞ்சக்குப்பம்_தையல்:

போடவில்லை தம்பி. கொல்லையில் கொடியில் கிளிப் போட்டுத் தொங்குகிறது, கைக்குட்டை காயவைக்க வசதியாக இருந்தது. இன்று இறக்கிவிடுகிறேன். பெண் மீனின் உடம்பு உயரம் அளந்துவிட்டேன், முதுகுத் துடுப்பு மடங்கினால் ஒன்றேமுக்கால் இன்ச். பொந்தை இரண்டு இன்ச்சாக வெட்டுகிறேன். இந்தத் தடவை தளர்ச்சிக்கு இடம் விட்டிருக்கிறேன்.